கடற்கரைப் பட்டினத்து வீடுகளும் வெந்நீர்ப் பாய்லரும்

வெந்நீர் குளிர் நாட்டாருக்கு வேண்டுவது, வெப்பம் மிகுந்த நமது கடற்கரைக்கு அது வேண்டுவதில்லை என்று சிலர் எண்ணுகின்றனர். கடற்கரையிலேயே குடியிருப்போர் அவ்வாறு எண்ணார். ஐப்பசி பிறந்து வாடைக்காற்று வீசத் தொடங்கியது முதல் மாசி வரையில், கைக்குழந்தை உள்ள வீட்டிலும், பிள்ளை பெற்ற தாய் உள்ள வீட்டிலும், முதியோர் உள்ள வீட்டிலும் பொழுது விடிந்ததும் முதல் வேலை வெந்நீர் வைப்பதேயாகும். இரவெல்லாம் கடலில் நனைந்து கரை சேருவோர்க்கும், பகலெல்லாம் உப்புநீரில் நின்று உப்பு வாருவோர்க்கும் வெந்நீர்க் குளியல் சுகபோகமன்று. உடம்பைக் காக்கும் மருந்து போன்றது.

இவ்வெந்நீரை எந்த எரிபொருளைக் கொண்டு, எவ்வகைச் சாதனத்தில், எவர்க்கும் தீங்கின்றிக் காய்ச்சுவது என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுந்த பொருள். எமது அபிப்பிராயத்தை முதலிலேயே கூறிவிடுகின்றோம். தோப்பிலும் கொல்லையிலும் வீணே கிடந்து மட்கும் மட்டையையும் மிலாரையும் எரிக்கும் வீட்டுப் பாய்லர், சிறு கடற்கரைப் பட்டினங்களுக்குப் பொருத்தமான சாதனம். ஆனால் அதற்கு மூன்று நிபந்தனைகள் உண்டு. எரிபொருள் நன்றாக உலர்ந்ததாக இருத்தல் வேண்டும். புகை, கூரைக்கு மேலே சென்று கழிதல் வேண்டும். பாய்லருக்காக உயிருள்ள மரம் ஒன்றும் வெட்டப்படலாகாது. இம்மூன்றில் ஒன்று குறையினும் பாய்லர் வையாதிருப்பதே மேல்.

ஓர் ஊரை முன்வைத்து

பொதுப்படப் பேசுவதினும் ஓர் ஊரை முன்வைத்துப் பேசுவது விவசாயிகளுக்கு எளிதில் விளங்கும். நாகப்பட்டினம் மாவட்டத்தின் தென்பகுதியில் உள்ள வேதாரணியத்தை எடுத்துக்கொள்வோம். 1930-ஆம் ஆண்டு உப்புச் சத்தியாக்கிரகத்தால் நாடறிந்த ஊர் அது. ஒருபால் உப்பளங்களும், மற்றொருபால் மணற்பாங்கான நிலத்தில் தென்னை, பனை, மா, முந்திரி, சவுக்கு ஆகியனவும் உள்ளன. தெற்கே 1967-ஆம் ஆண்டு முதல் சரணாலயமாகக் காக்கப்பட்டுவரும் கோடியக்கரைக் காடு இருக்கின்றது.

2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரணியத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. அன்று நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களில் இலட்சக்கணக்கான தென்னைகள் ஒரே இரவில் சாய்ந்தன. சாய்ந்த மரத்தை அப்புறப்படுத்துவதற்கு விவசாயிகள் பட்ட பாட்டை அப்பகுதியார் மறந்திரார். மட்கும் தென்னைமரத் தண்டும், குவித்துப் போட்ட குப்பையும் காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் பெருகும் இடங்களாகும் என்பது தென்னை வளர்ப்போர் யாவரும் அறிந்ததே. ஆதலின் தோப்பிற் கழிவை அகற்றுவது அழகுக்காக அன்று. நிற்கும் மரங்களின் நலத்துக்காகவேயாம். இவ்வாறு அகற்றும் கழிவில் பெரும்பகுதி இன்றும் தோப்பின் மூலையில் குவிக்கப்பட்டுத் திறந்த வெளியிலேயே கொளுத்தப்படுகின்றது. அப்புகையால் ஊருக்குத் தீங்கு. அவ்வெப்பத்தால் எவருக்கும் பயனில்லை. அதே ஊரில், சற்றுத் தொலைவிலுள்ள வீடுகளில், விலை கொடுத்து வாங்கிய எரிவாயுவில் வெந்நீர் காய்கின்றது. இம்முரண்பாடே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

வெந்நீரின் கணக்கு

ஐந்தாறு பேர் உள்ள குடும்பத்துக்கு, நன்கு காய்ந்த நீர் 60 லிட்டர் இருந்தால், தண்ணீரோடு கலந்து அனைவரும் குளிக்கலாம். 27 பாகை வெப்பமுள்ள கிணற்று நீரை 60 பாகைக்கு உயர்த்துவதாகக் கொண்டால், அதற்கு ஏறத்தாழ 2,000 கிலோகலோரி வெப்பம் நீரிற் சேர வேண்டும். இனி, இதைப் பெறும் வழிகளை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

முதலாவது, மூன்று கல்லைக் கூட்டி அண்டாவை ஏற்றிக் காய்ச்சுவது. காய்ந்த விறகு ஒரு கிலோவில் ஏறத்தாழ 3,500 கிலோகலோரி வெப்பம் உண்டு. ஆனால் திறந்த அடுப்பில் அதில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பங்கே பாத்திரத்திற் சேருகின்றது. எஞ்சியது காற்றிற் கலந்து போகின்றது. எனவே நாளொன்றுக்கு 4 முதல் 6 கிலோ வரையில் விறகு செலவாகும்.

இரண்டாவது, எரிவாயு அடுப்பு. ஒரு கிலோ எரிவாயுவில் ஏறத்தாழ 11,000 கிலோகலோரி உண்டு. அதில் நூற்றுக்கு அறுபது பங்கு நீரிற் சேருவதாகக் கொண்டால், நாளொன்றுக்கு 300 கிராம் வேண்டும். 14.2 கிலோ கொண்ட உருளை ஒன்று வெந்நீருக்கு மாத்திரமே 47 நாளில் தீர்ந்துபோகும்.

மூன்றாவது, மின்சாரம். இவ்வளவு நீருக்கு நாள்தோறும் 2½ யூனிட் வேண்டும். இரண்டு மாதத்துக்கு 150 யூனிட். 2016-ஆம் ஆண்டு முதல் நம் மாநிலத்தில் வீடுகளுக்கு இரு மாதங்களுக்கு விலையின்றி அளிக்கப்பட்டுவரும் 100 யூனிட்டையும் வெந்நீர் ஒன்றே விழுங்கி, அதற்கு மேலும் கேட்கும்.

நான்காவது, சூரிய வெப்பச் சாதனம். உறுதியான மாடியும், முதற்செலவுக்குப் பணமும், உவர்ப்பில்லாத நீரும் உள்ளவர்கள் இதனையே வைத்துக்கொள்ளல் நலம். அவர்களைப் பாய்லருக்கு நாம் அழைக்கவில்லை. ஆனால் ஒன்றைக் கருத வேண்டும். இக்கடற்கரையில் ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களிலேயே பெய்கின்றது. வெந்நீர் மிகுதியாக வேண்டிய மாதங்களும் அவையே. சூரியன் மறைந்திருக்கும் நாளில் அச்சாதனத்துக்கும் ஒரு துணை வேண்டியிருக்கின்றது.

ஐந்தாவதே பாய்லர். நெருப்பு நடுவிலும் நீர் அதனைச் சூழ்ந்தும் இருப்பதனால், வெப்பத்தில் நூற்றுக்கு நாற்பது பங்கு நீரிற் சேருமாறு இதனை அமைக்கலாம். அவ்வாறு அமைந்தால் நாளொன்றுக்கு 1½ கிலோ உலர்ந்த மட்டையே போதுமானது. திறந்த அடுப்பில் எரிப்பதில் மூன்றில் ஒரு பங்களவே இது என்பதைக் கவனிக்க வேண்டும்.

பாய்லரின் அமைப்பு

வீட்டுப் பாய்லர் நமக்குப் புதியதன்று. செம்பினாற் செய்த உருளை வடிவப் பாய்லரை நம் முன்னோர் வீடுகளிற் பலர் கண்டிருப்பர். நடுவே மேலிருந்து கீழ்வரை ஒரு குழல். அதன் அடியில் இருப்புச் சல்லடை. அதற்குக் கீழே சாம்பல் விழும் இடம். குழலைச் சூழ்ந்து நீர் நிற்கும். ஒருபுறத்துள்ள புனலில் தண்ணீரை ஊற்றினால் அது அடிக்குச் செல்லும். மேலே காய்ந்து நிற்கும் நீர் மூக்கின் வழியாக வெளியே விழும். எவ்வளவு ஊற்றுகின்றோமோ அவ்வளவே வெளிவரும். இதனைச் செய்தவன் படித்த பொறியியலாளன் அல்லனாயினும், அறிவிற் குறைந்தவன் அல்லன்.

இதில் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது, புனலும் மூக்கும் எப்பொழுதும் திறந்திருத்தல். திறந்திருக்கும் வரையில் உள்ளே ஆவியின் அழுத்தம் ஏறாது. வெடிக்கும் அபாயமும் இல்லை. மூக்கில் துணியை அடைப்பதும், திருகு குழாய் வைத்து மூடுவதும் உயிருக்கு ஆபத்து. நீரின்றி நெருப்பு மூட்டுவதும் ஆகாது. மூட்டினால் பற்றவைத்த இடங்கள் விட்டுப்போகும்.

பழைய பாய்லரில் இருந்த பெருங்குறை ஒன்றே. அதற்குப் புகைபோக்கி இருந்ததில்லை, இருந்தாலும் குட்டையாயிருந்தது. அதனைக் குளியலறைக்குள்ளேயே வைத்தனர். எமது உறவினர் வீடொன்றில், அடைமழை பெய்த ஒரு காலையில், சாளரத்தைச் சாத்திக்கொண்டு குளிக்கச் சென்ற பெண்மணி நெடுநேரம் வெளியே வரவில்லை. கதவைத் தட்டியும் விடையில்லை. தாழ்ப்பாளை உடைத்துத் திறந்தபொழுது அவர் தரையில் உணர்விழந்து கிடந்தார். வெளியே கொணர்ந்து காற்றாடக் கிடத்திய பின்னரே கண் விழித்தார். பாய்லரில் கரி கனன்று கொண்டிருந்தது. புகை சிறிதும் இல்லை. கரி அரைகுறையாக எரியும்பொழுது தோன்றும் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. புகை தெரியவில்லை என்று அஞ்சாதிருத்தல் பேதைமை என்பதை அன்று அறிந்தோம். ஆகையால், பாய்லர் குளியலறைக்கு வெளியே, கொல்லைப்புறத்தில், மூன்று பக்கமும் காற்று வரும் தாழ்வாரத்திலேயே இருக்க வேண்டும். வெந்நீர் மாத்திரம் குழாய் வழியாகவோ வாளியிலோ உள்ளே செல்லட்டும்.

எதை எரிப்பது, எதை எரிக்கலாகாது

தென்னை அடிமட்டை, பாளை, பன்னாடை, உதிர்ந்த குரும்பை, பனைமட்டை, சவுக்கு வெட்டியபின் எஞ்சும் மிலார், தரிசில் முளைத்த சீமைக்கருவேல் ஆகியன பாய்லருக்கு ஏற்றவை. சீமைக்கருவேல் நன்கு நின்று எரியும் விறகு. அதனை வெட்டுவது மரத்தை அழிப்பதாகாது; வேரோடு எடுத்தால் நிலத்துக்கும் நன்மையே. அடிக்கட்டையை விட்டுவைத்தால் மீண்டும் தழைக்கும் என்பதை மறக்கலாகாது.

தேங்காய் உரிமட்டையையும் கொட்டாங்கச்சியையும் எரிப்பது சிக்கனமன்று. உரிமட்டையிலிருந்து நார் எடுக்கலாம். அல்லது தென்னையைச் சுற்றிப் பள்ளமெடுத்துப் புதைத்தால் மணல் நிலத்தில் ஈரத்தை நெடுநாள் தாங்கி நிற்கும். கொட்டாங்கச்சிக்குக் கரி செய்வோரிடம் நல்ல விலை உண்டு. விலைபோகும் பொருளை எரிப்பவன் வெந்நீரை விலைக்கு வாங்குபவனேயாவான்.

முந்திரித் தோட்டை வீட்டில் எரிக்கவே கூடாது. அதிலுள்ள எண்ணெய் தோலைப் புண்ணாக்கும். அதன் புகை கண்ணையும் மார்பையும் வருத்தும். பிளாஸ்டிக், வர்ணம் பூசிய பலகை, பழைய வலை, மீன்பெட்டித் தெர்மாகோல் ஆகியவையும் விலக்கத்தக்கன.

கடற்கரையார் சிறப்பாக விலக்க வேண்டியது, அலை ஒதுக்கிய மரம். விலையின்றிக் கிடைப்பதாலும், வெளுத்துக் காய்ந்து தோன்றுவதாலும் பலர் அதனை விரும்பிப் பொறுக்குகின்றனர். அதில் கடலுப்பு ஊறியிருக்கின்றது. எரியும்பொழுது அவ்வுப்பிலுள்ள குளோரின், செம்பையும் இரும்பையும் அரிக்கும் அமிலமாகவும், உடலுக்குக் கேடு செய்யும் டயாக்சின் முதலிய நஞ்சாகவும் மாறுகின்றது. ஒரு காசும் செலவில்லாத அவ்விறகு, பாய்லரையும் கெடுத்து மார்பையும் கெடுக்கும்.

எரிபொருள் எதுவாயினும் உலர்ந்திருத்தலே முதன்மை. புதிதாக வெட்டிய விறகில் ஏறக்குறையப் பாதி எடை நீர். ஒரு கிலோ நீரை ஆவியாக்க ஏறத்தாழ 600 கிலோகலோரி வீணாவதோடு, நெருப்பின் சூடும் தணிந்து புகை பெருகுகின்றது. மாசியில் வெட்டிக் கழித்ததைப் பங்குனி முதல் ஆவணி வரையில் வெயிலிற் காயவிட்டு, மழை தொடங்குமுன் தரையில் படாதவாறு மேடையிட்ட கொட்டகையில் அடுக்க வேண்டும். இரண்டு துண்டுகளை ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்ற ஓசை எழ வேண்டும். மந்தமான ஓசை எழுந்தால் அது இன்னும் பாய்லருக்கு ஆகாது.

ஓர் ஏக்கர் தோப்பும் ஒரு வீடும்

இக்கழிவு போதுமா என்று சிலர் ஐயுறலாம். 25 அடிக்கு 25 அடி இடைவெளியில் ஏக்கருக்கு ஏறத்தாழ 70 தென்னைகள் நிற்கும். செழிப்பான மரம் மாதத்துக்கு ஒன்றாக ஆண்டுக்கு 12 மட்டைகளைக் கழிக்கும். எனவே ஏக்கருக்கு 840 மட்டைகள். ஓலையைக் கிழித்தெடுத்தபின் காய்ந்த அடிமட்டை ஒன்று ஒரு கிலோ என்று கொண்டால் 840 கிலோ. ஒரு வீட்டுக்கு நாள்தோறும் 1½ கிலோ வீதம் ஆண்டு முழுவதும் வெந்நீர் வைத்தாலும் 550 கிலோவே செல்லும். ஆகவே ஓர் ஏக்கர் தோப்பு ஒரு வீட்டுக்கு வெந்நீர் அளித்து, விற்பதற்கும் மிச்சம் வைக்கும். தோப்பில்லாத பட்டினத்து வீட்டாருக்கு அம்மிச்சத்தை அளவாக நறுக்கிக் கட்டாகக் கட்டி விற்றால், இதுகாறும் கொளுத்தி அழித்த பொருளுக்கு விவசாயி விலை காண்பான்.

மண்ணுக்குச் சேர வேண்டியதை நெருப்புக்கு இடலாமா என்பது நியாயமான கேள்வி. மணற்பாங்கான நிலத்தில் மட்கு மிகவும் குறைவு என்பதை நாம் அறிவோம். ஆதலின் ஓலையையும் குப்பையையும் எரிக்கவேண்டாம். அவை எருக்குழிக்கும் மூடாக்குக்கும் செல்லட்டும். எளிதில் மட்காத அடிமட்டை மாத்திரமே நெருப்புக்கு வரட்டும். அது எரிந்த சாம்பலும் தோப்புக்கே திரும்பட்டும். தென்னைக்குச் சாம்பல் சத்து மிகவும் வேண்டும். காய்க்கும் மரம் ஒன்றுக்கு ஆண்டுக்கு 2 கிலோ மூரியேட் ஆப் பொட்டாஷ் இடவேண்டுமென்பது வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. அவ்வுரமோ முழுவதும் அயல்நாடுகளிலிருந்து வருவது. பாய்லர்ச் சாம்பல் அதற்கு முற்றிலும் ஈடாகாது. எனினும் கையிலிருப்பதைத் தெருவில் கொட்டுவது எந்தக் கணக்கில் சேரும்? சாம்பலை மழையில் நனையவிட்டால் சத்து கரைந்து போகும்; யூரியாவோடு கலந்து வைத்தால் தழைச்சத்து வாயுவாகப் போகும். களர்த் தன்மை உள்ள நிலமாயின் மண்ணைப் பரிசோதித்த பின்னரே இடவேண்டும்.

கடற்காற்றும் புகைபோக்கியும்

உள்நாட்டில் பல்லாண்டு உழைக்கும் தகரக் குழாய் கடற்கரையில் விரைவில் துருவேறிப் பொத்தலாகும். பொத்தலான புகைபோக்கி, புகையை வீட்டுக்குள்ளேயே விடும். ஆகையால் சுட்ட மண்குழாயோ, துருவேறா எஃகோ, செங்கல் கட்டடமோ கொண்டு புகைபோக்கி அமைத்தல் வேண்டும். அது கூரையின் உச்சியை விட 2 அடியேனும் உயர்ந்து, மழைநீர் இறங்காதவாறு மூடி பெற்றிருக்க வேண்டும். அடிப்பகுதியில் கரிப்படிவை எடுக்கும் கதவு ஒன்றும் வேண்டும். கீற்றுக் கூரை அருகில் இருப்பின் பொறி பறந்து தீப்பிடிக்கும். அங்கே பாய்லர் வைப்பது கூடாது.

வெந்நீர் மிகுதியாக வேண்டிய காலத்தில் காற்று வடகிழக்கிலிருந்து வீசுகின்றது. எனவே பாய்லர், கொல்லையின் தென்மேற்கில் இருந்தால் புகை வீட்டை விட்டு விலகும். அடுப்பு அக்கினி மூலையில்தான் இருக்கவேண்டுமென்னும் வழக்கத்தினும் காற்றின் போக்கே இங்குக் கவனிக்கத்தக்கது. தம் வீட்டைக் காத்துக்கொண்டு அண்டை வீட்டுச் சாளரத்துக்குப் புகையை அனுப்புவதும் முறையன்று. சுவரோடு சுவர் ஒட்டிய நெருக்கமான தெருக்களில் பாய்லர் வேண்டாம் என்றே கூறுவோம்.

நீரும் கடற்கரையில் ஒரு தொல்லை. உவர்ப்பும் சுண்ணமும் மிகுந்த கிணற்று நீர் பாய்லரின் உட்புறத்தில் கல்போற் படியும். படிவு ஏற ஏற விறகும் மிகுதியாகச் செல்லும். கிடைக்குமாயின் மழைநீரையோ குழாய் நீரையோ ஊற்றுக. இன்றேல் ஆண்டுக்கொருமுறை கன்னாரைக் கொண்டு படிவை நீக்கி, உட்புறம் ஈயம் பூசிக்கொள்க.

ஆட்சேபங்கள்

புகையினால் வரும் கேட்டை இலேசாக எண்ணுவார்க்கு ஒன்று கூறுவோம். வீட்டில் விறகு, வறட்டி முதலியவற்றை எரிப்பதால் உண்டாகும் மாசு காரணமாக 2020-ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் இறந்தனர் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. அடுப்படியில் நெடுநேரம் இருக்கும் பெண்களும், அவர்கள் இடுப்பில் இருக்கும் குழந்தைகளுமே இதற்கு முதலில் இரையாவோர். 2016-ஆம் ஆண்டு முதல் ஏழை வீடுகளுக்கு எரிவாயு இணைப்பு அளித்தது இக்கேட்டைக் குறைக்கவேயாம். ஆகவே சமையலை விறகடுப்புக்குத் திருப்ப வேண்டுமென்று நாம் ஒருபொழுதும் சொல்லமாட்டோம். சமையல் எரிவாயுவிலேயே நடக்கட்டும். வீட்டுக்கு வெளியே, ஒருவரும் அருகில் குனிந்து ஊதாமல், அரைமணி நேரம் எரிந்து அடங்கும் வெந்நீர் நெருப்பு ஒன்றையே இங்குப் பேசுகின்றோம். அந்த வேலையையும் பெண்கள் தலையிலேயே சுமத்தாமல், மட்டை நறுக்குவதையும் பாய்லர் மூட்டுவதையும் ஆடவர் ஏற்றுக்கொள்வது தகும்.

மரத்துக்கு வரும் கேடு மற்றோர் ஆட்சேபம். இதுவே எமக்கு மிகுந்த அச்சம் தருவது. கடற்கரை மணல் மேட்டில் நிற்கும் சவுக்கு வரிசை விறகுக்கென நிற்பதன்று. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலையில் தமிழ்நாட்டில் மிகுந்த உயிரிழப்புக்கு உள்ளானது நாகை மாவட்டமே. அதற்குப்பின் காற்றையும் மணலையும் தடுப்பதற்காகக் கடலோரத்தில் நட்ட மரங்கள் நமக்கு மதில் போன்றவை. பாய்லர்கள் பெருகி, விறகுக்கு விலை ஏறி, இரவோடிரவாக அம்மதிலில் ஒரு மரம் வெட்டப்படுமாயின், நாம் இன்று எழுதுவதெல்லாம் தீமையாய் முடியும். கோடியக்கரைக் காட்டிலிருந்து ஒரு சுள்ளியும் வரலாகாது. பட்டா நிலத்தில் பயிராக வைத்து வெட்டும் சவுக்கின் மிலார் வேறு. மணல் காக்கும் மரம் வேறு. விறகு விற்போன் எங்கிருந்து கொணர்ந்தான் என்று கேட்டு வாங்கும் பொறுப்பு வாங்குவோர்க்கும் உண்டு.

அரசாங்க உதவி எவ்வாறு இருத்தல் வேண்டும்

செம்பின் விலையும் புகைபோக்கிச் செலவும் ஏழைக் குடும்பத்துக்கு எட்டாதவை. ஆதலால் அரசாங்க உதவி வேண்டும் என்பது இயல்பு. உதவி எவ்வாறு இருக்கலாகாது என்பதற்கு அயல்நாட்டில் ஒரு பாடம் உண்டு. வட அயர்லாந்தில் 2012-ஆம் ஆண்டு நவம்பரில், தொழில் நிலையங்களும் பண்ணைகளும் மரத்துண்டு எரிக்கும் பாய்லர் வைப்பதற்கு ஒரு திட்டம் தொடங்கினர். உண்டாக்கிய வெப்பத்தின் அளவுக்கேற்பப் பணம் கொடுத்தனர். கொடுத்த தொகையோ எரிபொருளின் விலையை விட மிகுதி. ஓர் அளவுக்கு மேல் எரித்தால் தொகை குறையும் என்ற ஏற்பாடும் இல்லை. எரிக்க எரிக்க இலாபம் என்றாயிற்று. 2016-ஆம் ஆண்டு பிப்ரவரியில் புதியவர்களைச் சேர்ப்பதை நிறுத்தினர். 2017 ஜனவரியில் இவ்விவகாரத்தை ஒட்டித் துணை முதலமைச்சர் மார்ட்டின் மெக்கின்னஸ் பதவி விலக, ஆட்சியே கவிழ்ந்து, 2020 ஜனவரி வரை மீளவில்லை. விசாரணை அறிக்கை 2020 மார்ச்சில் வெளிவந்தது. இதற்கு மாறாக, இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் ஆகியவற்றில் 2014 ஏப்ரல் முதல் 2022 மார்ச் வரை புதியவர்களைச் சேர்த்துவந்த வீட்டுத் திட்டத்தில், பெரும்பாலும் வீட்டின் தேவையை முன்கூட்டியே மதிப்பிட்டு, அதன்படி ஏழாண்டுகள் தொகை கொடுத்தனர். மிகுதியாக எரித்தவருக்கு மிகுதியாகக் கிடைக்கவில்லை. எரிப்பதற்குப் பணம் கொடாதே என்பதே இவ்விரண்டிலிருந்தும் நாம் பெறும் பாடம்.

நம் நாட்டிலும் ஒரு பாடம் உண்டு. 1980-களில் தொடங்கி 2002-ஆம் ஆண்டில் மத்திய அரசாங்கத்தின் பொறுப்பினின்று நீங்கிய புகையில்லா அடுப்புத் திட்டத்தில் மூன்று கோடிக்கு மேற்பட்ட அடுப்புகள் அமைக்கப்பட்டன. அவற்றுட் பல சில ஆண்டுகளில் கைவிடப்பட்டன. புகைபோக்கி அடைத்துக்கொண்டபொழுது அதைச் சீர்செய்ய ஊரில் ஆளில்லை. வைத்த எண்ணிக்கையைக் கணக்கெடுத்தார்களேயன்றி, எரியும் எண்ணிக்கையைக் கணக்கெடுத்தாரில்லை.

இவற்றைக் கருதி எமது யோசனையை வருமாறு கூறுவோம். ஒரு பட்டினத்தில் முதலில் ஐம்பது வீடுகளுக்கு மேல் எடுத்துக்கொள்ள வேண்டாம். உதவித்தொகை பாய்லருக்கும் புகைபோக்கிக்கும் மாத்திரமே, அதுவும் ஒரு பகுதியே அளிக்கப்படட்டும்; எரிபொருளுக்கு ஒரு காசும் வேண்டாம். அத்தொகையில் பாதியை வைத்தவுடன் கொடுத்து, மறுபாதியை ஈராண்டு கழித்துப் பாய்லர் நல்ல நிலையில் இருப்பதைக் கண்டு கொடுக்கலாம். உள்ளூர்க் கன்னார் ஒருவருக்கும் கொத்தனார் ஒருவருக்கும் பயிற்சி அளித்து, ஆண்டுதோறும் ஆவணியில் எல்லாப் புகைபோக்கிகளையும் துடைத்துப் பார்க்கும் பணியை அவர்களிடம் ஒப்புவிக்க வேண்டும். மட்டைக் கட்டுகளை விற்பதற்கு விவசாயிகள் கூட்டுறவாக ஓர் உலர்கொட்டகை அமைத்துக்கொள்ளல் நலம். மணல் மேட்டுச் சவுக்கில் ஒரு மரம் வெட்டப்பட்டதாகத் தெரிந்தால், அவ்வாண்டு அவ்வூரில் புதிய பாய்லர் வைப்பதை நிறுத்திவிட வேண்டும்.

விவசாயிகளுக்கு ஒரு வார்த்தை. யாரேனும் திட்டம் கொண்டுவரட்டும் என்று காத்திராமல், இப்பங்குனியிலேயே உங்கள் தோப்பின் அடிமட்டைகளைக் கொளுத்தாமல் நறுக்கி வெயிலில் அடுக்கிவைத்துப் பாருங்கள். பரணில் கிடக்கும் பழைய செம்புப் பாய்லர் இருந்தால் இறக்கிச் செப்பனிட்டு, குளியலறைக்கு வெளியே நிறுத்தி, உயர்ந்த புகைபோக்கி ஒன்று வையுங்கள். ஐப்பசி மழையில் விடியற்காலையில் எழும் குழந்தைக்கு, எவர் மார்பையும் கெடுக்காத வெந்நீர் அதில் காய்ந்திருக்குமாயின், அதனினும் சிறந்த சாட்சி இவ்விஷயத்துக்கு வேண்டுவதில்லை.